நடுவில் யாரும் திறக்காத பெட்டி

கொல்லிமலையில் பலா பழுக்கும் மாதங்களில் எங்கே மூக்கை வைத்தாலும் பலாப்பழ வாசம்தான். பஸ்ஸில் அடிக்கும், ரேஷன் கடையில் அடிக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்கும். அதனால் அன்று என் வண்டியில் அந்த வாசம் அடித்ததற்கு நான் பதறியிருக்க வேண்டியதில்லை என்று பிற்பாடு பல பேர் சொன்னார்கள். சரிதான். ஆனால் பதற வேண்டாம் என்று யாராவது சொல்லி நான் பதறாமல் இருந்ததே கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். பெரிய கதை எதுவும் இல்லை. பரீட்சை என்றாலே காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சல் இறங்கி எழுந்து உட்காரும்போது பரீட்சை முடிந்திருக்கும். இப்படியே ஆகவும் வீட்டில் வெறுத்துப்போய் லாரிப் பட்டறையில் விட்டார்கள். அங்கிருந்து கிளீனர், பிறகு டிரைவர், இப்போது சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி. பின்னால் தகரக் கூண்டு கட்டிக் கதவு வைத்தது. பள்ளிக்கூடம் நின்றாலும் அந்தக் காய்ச்சல் நிற்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால், ஹேண்ட் பிரேக் போட்டேனா என்று பாதி டீயில் எழுந்து போய்ப் பார்ப்பேன். போட்டிருப்பேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும், கதவைச் சாத்தினேனா என்று வரும். கவலைப்பட ஒன்றும் கிடைக்காத நாளில் எனக்கு முகமே வாடிப்போகிறது என்பாள் என் வீட்டுக்காரி.

வண்டிக்கு வேலை துணி ஏற்றி இறக்குவது. மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டில் கைவேலை சென்டர் நடக்கிறது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி வெளிநாட்டுப் பெண்கள் போடுகிற டாப்ஸ் தைக்கிறது. கழுத்தைச் சுற்றி மணியும் நூலும் வைத்துப் பூ வேலை செய்வதை மட்டும் கையால்தான் செய்தாக வேண்டும். அதற்காக அந்தத் துணிகள் மலை ஏறி வரும். சென்டரை நடத்துகிற அக்காவும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் முப்பது பேருக்கு மேலும் அதைச் செய்கிறார்கள். மிளகு பறிப்போ மரவள்ளி பிடுங்குவதோ இல்லாத மாதங்களில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது இந்தப் பூவால்தான்.

பழைய ஏற்பாடு இப்படி. திருப்பூரிலிருந்து மூட்டைகள் வந்து அடிவாரத்து ஊரில் ஒரு பாயின் குடோனில் இறங்கும். துணி வியாபாரம் செய்கிற குடும்பம். கம்பெனிக்கும் சென்டருக்கும் நடுவில் பொறுப்பு அவர்தான். அங்கிருந்து நான் மேலே கொண்டுபோவேன். வேலை முடிந்ததும் கீழே கொண்டுவருவேன். பாயின் ஆட்கள் மூட்டையை அவிழ்த்து, எண்ணி, மலைப் பனியின் ஈரம் போக ஒரு நாள் காற்றாடப் போட்டு, வேறு வண்டியில் திருப்பூர் அனுப்புவார்கள். அங்கே செக்கிங் பிரிவில் ஒரு அக்கா ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்ப்பார். பிறகு இஸ்திரி, பேக்கிங், கண்டெய்னர், தூத்துக்குடி, கப்பல்.

அந்தச் செக்கிங் அக்காவை எங்கள் மலையில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அவரிடமிருந்து சொல் வரும். பாய் மூலமாக என்னிடம் வரும், நான் மேலே போய்ச் சொல்வேன். இந்தத் தடவை மஞ்சள் பூ ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லுங்க, காம்பு மட்டும் கொஞ்சம் தளர்வா விழுது, கழுத்தோரத்துப் பூவத் தெச்சது யாரோ, அந்தக் கை சுத்தமான கை. யார் கை என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அதைக் கேட்டதும் சென்டரில் நாலு பேர் தங்கள் கையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாகக் கடைசி மூட்டையில் ஏதாவது ஒன்று போகும். பலாக்காய், ஒரு சீப்பு மலை வாழைப்பழம், கொஞ்சம் மிளகு. எங்கள் பக்கம் தெரிந்தவர் வீட்டுக்கு ஒரு சாமான் போகிறதென்றால் அதை வெறும் சாமானாக அனுப்ப மாட்டார்கள். பாயின் ஆட்கள் அதைப் பத்திரமாக வெளியே எடுத்துத் திருப்பூர் வண்டிக்காரரிடம் தனியாகக் கொடுப்பார்கள். இதையெல்லாம் நான் ஒரு விஷயமாகவே நினைத்தது கிடையாது.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு ஆபீசர் காரில் மலை ஏறி வந்தார். மலைப்பாதையின் எழுபது வளைவும் அவர் வயிற்றில் இருந்தது. இறங்கியதும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பேசினார். வெளிநாட்டில் ஃபேஷன் மாதத்துக்கு மாதம் மாறுகிறது, நம்ம துணி போய்ச் சேர்வதற்குள் அங்கே வேறு துணி மாட்டிவிடுகிறார்கள், பாதி நாள் வண்டியில் போவதில் கழியவில்லை, குடோனில் சும்மா கிடப்பதில்தான் கழிகிறது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே தெரியும், சில மூட்டை பாயின் குடோனில் நாலு நாள் கூடக் கிடந்திருக்கிறது. ஆகவே இனிமேல் இஸ்திரியும் பேக்கிங்கும் மலையிலேயே. அட்டைப்பெட்டி, பாலிதீன் பை, பார்கோடு எல்லாம் கம்பெனி தரும். பெட்டிகளை என் வண்டியில் ஏற்றிக் கதவுக்கு நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீல் வைத்து, நேராகக் கரூர்ப் பக்கம் கண்டெய்னர் ஏற்றும் யார்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பாயின் குடோன் கிடையாது. திருப்பூர் கிடையாது. நடுவில் யாரும் தொட மாட்டார்கள்.

முதல் லோடு வெள்ளோட்டம் என்றார். சரியாகப் போய்ச் சேர்ந்தால் வருஷம் பூராவும் வேலை இந்த மலைக்கே. சரியாக வரவில்லை என்றால் இதே வேலையைச் செய்யச் சமவெளியில் ஒரு யூனிட் தயாராக இருக்கிறது, அங்கே போய்விடும். மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதைக் கேட்ட அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. முப்பது வீட்டு வேலை என் ஸ்டீரிங்கில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

அவர் ஒரு நாள் முழுக்க இருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார். டேப் எவ்வளவு அகலம், பார்கோடு எந்தப் பக்கம், அம்புக்குறி மேலே பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். பெட்டிக்குள் காலி இடம் விடக்கூடாது. விட்டால் மேலே அடுக்குகிற பெட்டிகள் அழுத்தி இது நசுங்கிவிடும். சென்டர் அக்கா அதைப் பாடம் ஒப்பிப்பதைப் போல ஒப்பித்தார். காலி இடம் விடக்கூடாது. நிரப்பிவிட வேண்டும். ஆபீசருக்குச் சந்தோஷம்.

என் வண்டியில் ஒரு கறுப்பு டப்பாவைப் பொருத்தினார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று அது திருப்பூருக்குச் சொல்லும். சொல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போன் வரும். அந்தப் பக்கம் பேசுகிறது ஒரு சின்னப் பெண்; மரியாதையான பெண்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மலையில் நிற்காமல் எப்படி வண்டி ஓட்டுவது? ஏறுகிற பஸ்ஸுக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். பிரேக் சூடானால் நிற்க வேண்டும். மூட்டு வலியோடு ஒருவர் கை காட்டினால் நிற்க வேண்டும். வெறும் வண்டியில் ஒத்திகை பார்த்த அன்று, ஒதுங்கி நின்ற ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு போன். அதுவும் சிக்னல் கிடைக்கிற வளைவில் எல்லாம் மொத்தமாக வந்து விழும். முன்னால் நின்றதற்குப் பின்னால் பதில் சொல்லிக்கொண்டு, அதற்காக மறுபடி நின்று, நின்றதற்கு மறுபடி போன்.

லோடு ஏற்றிய நாள் காலையிலேயே பனி. பெட்டிகளை ஒவ்வொன்றாக நானே ஏற்றினேன். ஈரம் ஏறுமோ என்று கூண்டின் ஓரமெல்லாம் தார்ப்பாய் செருகினேன். கடைசிப் பெட்டி மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தது. மணி வேலை அதிகமுள்ள பீஸாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சீல் மாட்டி இழுத்ததும் டிக்கென்று பூட்டிக்கொண்டது. சென்டர் அக்கா அந்த நம்பரைப் போட்டோ எடுத்துத் திருப்பூருக்கு அனுப்பினார். பெண்கள் எல்லாம் வாசலில் நின்று, கல்யாண வண்டியை அனுப்புவதைப் போலப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் யார்டில் இருக்க வேண்டும். அந்தக் கண்டெய்னர் மூடினால் அடுத்தது அடுத்த கப்பலுக்குத்தான்.

வழியில் தெரிந்த ஒரு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மறு கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், காட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். முன்சீட்டு காலியாகப் போகிறது. அந்த அம்மாவுக்குப் போய் எப்படிச் சொல்வேன், ஒரு டப்பா கேள்வி கேட்கும் என்று?

மேலிருந்து சில வளைவுகள் இறங்கியதும்தான் வாசம் அடித்தது. நல்ல பழுத்த வாசம். முதலில் எதிரே வந்த பஸ்ஸிலிருந்து என்று நினைத்தேன். பஸ் போய் இரண்டு வளைவு ஆகியும் வாசம் போகவில்லை. கண்ணாடியை இறக்கினேன், அடித்தது. ஏற்றினேன், அப்போதும் அடித்தது. அப்போது எனக்கு அந்தக் கடைசிப் பெட்டியின் கனம் ஞாபகம் வந்தது. அடுத்து, கடைசி மூட்டையில் எப்போதும் என்ன போகும் என்பது ஞாபகம் வந்தது. அடுத்து, காலி இடம் விடக்கூடாது என்று அக்கா ஒப்பித்தது.

வண்டியை ஓரங்கட்டினேன். கூண்டுக் கதவில் மூக்கை வைத்து மோந்தேன். தகரமும் அடித்தது, பலாவும் அடித்தது. ஒரு குரங்கு கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து தகரத்தைப் பிறாண்டியது. பார், குரங்குக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த வளைவில் நிற்கிற வண்டிமேல் எல்லாம் குரங்கு ஏறத்தான் ஏறும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். சென்டர் அக்காவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். அதே. அதற்குள் திருப்பூர்ப் பெண் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணா, வண்டி நிக்குதுங்களே, என்னாச்சு?"

வாசம் அடிக்கிறது என்றேன்.

"என்ன வாசம்ணா? டீசலா?"

"பலாப்பழமுங்க."

"ரோட்டோரம் யாராச்சும் வித்துட்டு இருப்பாங்கண்ணா. சீசன்தானே?"

"பெட்டிக்குள்ள இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க."

"டாப்ஸ் வெச்ச பெட்டியில பலாப்பழம் எப்படிண்ணா வரும்?" சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள். சீலைத் தொடவே கூடாது. சீல் உடைந்த வண்டியை யார்டில் உள்ளேயே விட மாட்டார்கள். எதுவாக இருந்தாலும் யார்டில் வந்து சொல்ல வேண்டும். யார்டில் திறந்து பார்ப்பார்களா என்று கேட்டேன். சீல் சரியாக இருந்தால் எதற்குத் திறக்கப் போகிறார்கள், அப்படியே ஏற்றிவிடுவார்கள் என்றாள். கம்பெனி ஆளை வரச் சொல்ல முடியுமா என்றேன். எல்லோரும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாள்.

மீதி வளைவுகளை எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கடலில் எத்தனை வாரம் போகும்? அத்தனை வாரம் மூடிய பெட்டிக்குள் பலா என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அழுகி, ஒழுகி, பக்கத்துப் பெட்டி எல்லாம் நாறும். போய் இறங்கிய இடத்தில் காய்கறி வந்தது தெரிந்தால் மொத்தத்தையும் நிறுத்தி வைப்பார்கள் என்று ஆபீசர் வேறு ஏதோ பேச்சில் சொல்லியிருக்கிறார். ஆக சீலை உடைத்தால் வெள்ளோட்டம் இன்றைக்கே தோற்றது. உடைக்காவிட்டால், உள்ளே இருந்தால், இரண்டு மாதம் கழித்து இதைவிட மோசமாகத் தோற்கும். உடைத்து, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்? பயந்தாங்கொள்ளி ஒருத்தன் மூக்கால் முப்பது பேர் வேலை போயிற்று என்று ஆகும்.

அடிவாரத்தில் பாயின் குடோனுக்கு முன்னால் வண்டி தானாகவே நின்றது. பழக்கம். பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் வண்டி வந்தால் எழுந்து வருவார். அன்று எழவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். உடைக்கட்டுமா என்று கேட்டேன்.

"என்னையக் கேக்காதீங்க தம்பி. நாந்தான் இப்ப நடுவுலயே இல்லையே."

அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. பாய், கப்பல் போயிடுமுங்க என்றேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து கதவில் மூக்கை வைத்தார்.

"வாசம் அடிக்கத்தான் அடிக்குது. என் சட்டையிலயும் அடிக்குது." பிறகு சொன்னார்: "குடோன்ல ஒரு நாள் வீணாப் போவுதுன்னு சொன்னாரு உங்க ஆபீசரு. அந்த ஒரு நாள்லதானுங்க உங்க மலைக்காரங்க வெச்சதையெல்லாம் எடுத்துட்டு இருந்தோம். ஒருக்கா ஒரு கோழிக்குஞ்சு வந்துச்சு, உசுரோட, காலக் கட்டி. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"தெரியாது. அவருக்கும் தெரியாது. நானும் சொல்லல."

நான் இன்னொரு முறை அக்காவுக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. பாய் தன் போனைக் குடோன் பையன் ஒருவனிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். நாளைக்கு யாரும் நாம எதையோ எடுத்தோம்னு சொல்லக்கூடாதில்ல என்றார். வெட்டுகிற கத்தரியை அவர்தான் கொடுத்தார். சீலை வெட்டியது நான். அது இரண்டு துண்டாகக் கீழே விழுந்தபோது, பரீட்சை அன்றைக்குக் காய்ச்சலோடு படுத்திருப்பேனே, அதே உடம்பு.

கடைசிப் பெட்டியை இறக்கி அடியில் தட்டினார் பாய். உள்ளே கெட்டியாக ஒன்று இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. டேப்பைக் கிழித்தோம். மேலே நாலைந்து டாப்ஸ், அதற்குக் கீழே பழைய சேலைத் துணி, அதற்குள் பலா. சின்னக் காய்தான். காம்பில் பால் ஒழுகித் துணியில் படக்கூடாது என்று சாம்பல் வைத்து, துணி சுற்றி, நூலால் கட்டியிருந்தார்கள். அதற்கும் மேல் கம்பெனி கொடுத்த பாலிதீன் பை ஒன்றில் போட்டு வாயை ஒட்டியிருந்தார்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள் என்று இங்கிலீஷில் அச்சடித்த பை. பெட்டியில் இம்மி காலி இடம் இல்லை.

எனக்கு உயிர் வந்தது. இருக்குது பாருங்க, இருக்குது பாருங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம்; வீடியோவில் பிறகு கேட்டேன். பாய் காயை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். என் மூக்கிடம் நீட்டினார்.

"இது கல்லு மாதிரி காயி தம்பி. வாசமே இல்லை. பழுக்க இன்னும் ஒரு வாரமாகும். அப்புறம் எதைத்தான் மோந்துட்டு வந்தீங்க?"

அது இன்றுவரை எனக்கும் தெரியாது. முந்தின நாள் யாரோ பழம் ஏற்றிய சாக்கு ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது, அதுவாக இருக்கலாம்.

திருப்பூர்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். சீலை உடைத்தேன் என்றதும் அவள் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது. காரணம் என்ன என்று போட வேண்டும், அவளுடைய கம்ப்யூட்டரில் வருவது இவ்வளவுதான் என்று வாசித்தாள்: விபத்து, டயர், மழை, போலீஸ் சோதனை, மற்றவை. பலாக்காய் என்று போடச் சொன்னேன். அதற்கு இடமில்லை என்றாள். மற்றவை என்று போட்டால் டிரைவர் தவறு என்று ஆகிவிடுமாம். அவளுக்கும் சங்கடம்தான்.

"எதுக்குண்ணா அதைப் போய் வெச்சாங்க?"

செக்கிங் அக்காவுக்கு வைத்திருப்பார்கள், எப்போதும் வைப்பார்கள் என்றேன்.

"அந்த அக்காவா? அவங்க இப்ப இல்லையேண்ணா. செக்கிங்தான் உங்க பக்கமே மாத்தியாச்சே. அந்த செக்சனையே எடுத்துட்டாங்க. போன மாசமே நின்னுட்டாங்க."

பாய் காயைக் கையில் வைத்தபடி என்ன சொன்னாள் என்று பார்வையாலேயே கேட்டார். நான் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

யார்டுக்குப் போக வேண்டாம் என்று உத்தரவு வந்தது. லோடை அப்படியே திருப்பூர் கொண்டுபோனேன். அங்கே எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்து மறுபடி மூடி, அடுத்த கப்பலுக்கு ஏற்றினார்கள். மற்ற பெட்டிகளில் ஒன்றும் இல்லை. பூ வேலையில் ஒரு குறையும் இல்லை. இதை யாராவது எழுதிக்கொண்டார்களா என்று கேட்டேன். சீல் உடைந்ததைத்தான் எழுதியிருந்தார்கள். பலாக்காயைப் பாய் வீட்டில் குழம்பு வைத்துவிட்டார்கள்.

பிறகு வாரக் கணக்கில் ஒரு பேச்சும் இல்லை. இந்த மாதிரிக் காத்திருப்பதற்கு அடியே வாங்கிவிடலாம். தினமும் சென்டர் அக்கா, ஏதாச்சும் தெரிஞ்சுதா தம்பி என்பார். தினமும் இல்லீங்க என்பேன். சீலை உடைத்தது நான்தான் என்று மலை முழுக்கத் தெரிந்திருந்தது. எதற்கு உடைத்தேன் என்பது பாதிப் பேருக்குத்தான் தெரிந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒருவர், சும்மா இருந்திருந்தா போய்ச் சேந்திருக்குமாமே என்றார். சும்மா இருந்திருந்தால் என்ன போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, ஆனாலும் அவசரப்பட்டுட்டீங்க என்றார்.

கடைசியில் சேதி வந்தது. சீல் வைத்து நேராக அனுப்புகிற ஏற்பாடு மலைக்கு இல்லை. அது சமவெளி யூனிட்டுக்குப் போகிறது. வேலையில் பாதியும் அதோடு போகிறது. மீதிப் பாதி எங்களுக்கு. அதைப் பெட்டி போடாமல் மூட்டையாகவே கொண்டுபோய் அந்த யூனிட்டில் இறக்கிவிட வேண்டும். பேக்கிங் அவர்கள் செய்துகொள்வார்கள். பாயின் குடோன் அதிலும் கிடையாது. இதைச் சென்டரில் சொல்ல நான்தான் போனேன். போன் போட்டிருந்தால் போதும், ஆபீசர் போடவில்லை.

பெண்கள் கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதி என்றேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தி, எல்லாருக்கும் பாதியா, பாதிப் பேருக்கு முழுசா என்று கேட்டாள். அதை அவர்களே பேசி, எல்லோரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவதென்று முடிவு செய்துகொண்டார்கள். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று எனக்குத்தான் தாங்கவில்லை. கோபப்படுவார்கள் என்று பதில் எல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

சென்டர் அக்கா மட்டும் என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, அந்தப் பொட்டிய நடுவுல ஒருத்தருமே தொறக்க மாட்டாங்களா?"

"ஆமாங்க்கா."

"கடலுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் தொறப்பாங்களா?"

"ஆமாங்க்கா. நடுவுல யாரும் தொட மாட்டாங்கன்னு சொன்னாரே."

"தொட மாட்டாங்கன்னா, வழியில களவு போகாதுன்னு சொல்றாருன்னு நெனச்சேன்." பிறகு கேட்டார்: "அப்ப அந்தச் செக்கிங் பொண்ணு?"

சொன்னேன். அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள், அந்த அக்கா வேலையை விட்டு நின்று ரொம்ப நாளாகிறது, நீங்கள் காயை வைத்த அன்றைக்கே அவர் அங்கே இல்லை என்று.

வேலை பாதியானதற்கு வராத கோபம் அப்போது வந்தது.

"டேப்பு எத்தன வெரலு அகலம்னு சொன்னாரு. அம்புக்குறி எங்க பாக்கோணும்னு சொன்னாரு. ஒரு நாள் பூரா எங்க ஊட்டுச் சோத்தத் தின்னுட்டு சொன்னாரு. இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா யாருக்கு வெக்கப் போறோம்? அந்தப் பொண்ணு இல்லேன்னா அந்தக் காய எதுக்கு சாமி வெக்கறோம்?"

என்னிடம் கோபித்து என்ன ஆகப் போகிறது என்று அவருக்கே தோன்றியிருக்கும். குரலைத் தணித்துக்கொண்டு, அப்ப இனிமே தெச்சது நல்லாருக்குதா இல்லையான்னு யாரு சொல்லுவா, அத மட்டும் கேட்டுச் சொல்லு என்றார்.

இறங்கும்போது சிக்னல் கிடைக்கிற வளைவில் வண்டியை நிறுத்தினேன். கேள்வி வரட்டும் என்று நிறுத்தினேன், உடனே வந்தது. அந்தப் பெண்ணிடம் அக்கா கேட்டதைக் கேட்டேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. யாராவது பார்த்து நல்லாயிருக்குன்னு சொல்லுவாங்களான்னு கேக்கறாங்கம்மா என்றேன்.

"அப்படி யாரும் சொல்ல மாட்டாங்கண்ணா. சரியில்லைன்னா மெயில் வரும். மெயில் வரலைன்னா நல்லாருக்குன்னு அர்த்தம்." பிறகு, "எனக்கும் அப்படித்தாண்ணா" என்றாள்.

நாளைக்கு மறுபடி மேலே போக வேண்டும். அக்கா வாசலிலேயே கேட்பார். இந்தப் பதிலை எந்த வார்த்தையில் சொன்னால் அவருக்குக் கோபம் வராது, எந்த வார்த்தையில் சொன்னால் அந்தப் பெண்கள் ஊசியைக் கீழே வைக்க மாட்டார்கள் என்று வளைவு வளைவாக யோசித்துக்கொண்டு இறங்கினேன். ஒன்றும் அமையவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒதுங்கி வழிவிட்டேன்.